மேடைக்கு மட்டும் கேட்கிற குரல்

அவர் கல்லூரியில் நடத்திய பாடம் குடிமக்களின் உரிமைகள். நடத்துகிற தினுசைக் கேட்டால், அந்த உரிமைகள் வேறு ஏதோ தேசத்துக் குடிமக்களுக்கு வழங்கப்பட்டவை என்றுதான் தோன்றும். குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. யாராவது எழுந்து, "சார், இதுல உங்க கருத்து என்ன?" என்று கேட்டுவிட்டால், "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குப்பா" என்பார். இரண்டு பக்கத்து நியாயத்தையும் பிசகில்லாமல் விளக்குவார். பிறகு விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வெளியே போய்விடுவார். மதில்மேல் பூனையாவது என்றைக்காவது ஒரு பக்கம் குதிக்கும். இவர் மதில்மேலேயே வீடு கட்டிக் குடியேறியவர்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'திரைமறைவு'. அதற்கும் அவருடைய அரசியலுக்கும் சம்பந்தமில்லை. அவருக்கு அரசியல் என்று ஒன்று இருப்பதாக யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது. ஆண்டுவிழாவில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு நாடகம் போடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். மேடையின் இடது ஓரத்தில், கறுப்புத் திரையின் மடிப்புக்குள் ஒரு முக்காலி. அதில் அவர். நடிகர் தடுமாறினால் அடுத்த வரி அங்கிருந்து வரும்.

அவர் நடிக்காமல் போனதற்கும் ஒரு கதை உண்டு. மாணவராக இருந்தபோது சேவகன் வேஷம் கொடுத்தார்கள். ஒரே ஒரு வசனம்: "மன்னா, தூதர் வந்திருக்கிறார்." விளக்கு முகத்தில் விழுந்ததும் அது ஆவியாகிவிட்டது. ஆனால் அதே நாடகத்தில் மன்னன், ராணி, தூதர், விதூஷகன் எல்லோருடைய வசனமும் அவருக்கு எழுத்துப் பிசகாமல் தெரிந்திருந்தது. ஒருமுறை காதில் விழுந்தால் போதும், உள்ளே போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். சொந்த வரிதான் வராது. "இவனை முன்னாடி நிறுத்தினா ஊமை, பின்னாடி நிறுத்தினா புத்தகக்கடை" என்று சொல்லி, நாடக வாத்தியார் அவரைத் திரைக்குப் பின்னால் தள்ளினார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் முன்னால் வரவே இல்லை. அவருடைய கல்யாணத்தில்கூட, "மாப்பிள்ளை எங்கப்பா?" என்று போட்டோக்காரர் தேட வேண்டியிருந்தது.

எடுத்துக் கொடுக்கிற வேலையை அவர் ஏனோதானோ என்று செய்தவர் அல்ல. வசனத்தை மறந்தவன் விடுகிற இடைவெளி வேறு, உணர்ச்சிக்காக நடிகன் விடுகிற இடைவெளி வேறு. ஒருவன் கண்ணில் நீர் தளும்ப நிற்கும்போது வரியை நீட்டினால், நாடகம் முடிந்ததும் அவன் கொலைக்கும் அஞ்ச மாட்டான். திரைமறைவு கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கேட்பார். நடிக்கிறவனின் மௌனத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். மறந்தவனின் மௌனத்தில் நின்றுபோகும். நின்ற அந்தக் கணத்தில் வரி போய்ச் சேர வேண்டும். அவருடைய கிசுகிசுப்புக்கு ஓர் அளவு இருந்தது: மேடை முழுக்கக் கேட்கும், முதல் வரிசைக்குக் கேட்காது. இதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. பிரதியில் இல்லாத சொல்லைச் சொந்தமாகச் சேர்த்து அவர் ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை. "என் வேலை ஞாபகப்படுத்தறது. கதை கட்டறதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்பார்.

அந்தக் கிசுகிசுப்பை வைத்து அதிகம் பிழைத்தவர் பிரின்சிபால். நாடகத்தில் கதாநாயகன் எப்போதும் அவர்தான். வசனம் மட்டும் மனப்பாடம் ஆகாது. அந்த வருஷத்து நாடகம் ஒரு ராஜசபைப் பண்டிதரைப் பற்றியது. மன்னனின் வம்சம் சூரியனிலிருந்து இறங்கியது என்று பண்டிதர் சபையில் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால் தலைமைப் பண்டிதர் பதவி, மறுத்தால் சிறை. பண்டிதர் மறுக்கிறார். "மன்னா, என் நாவை நீ அறுக்கலாம்" என்று அந்த வசனம் தொடங்கியதுமே, ஒத்திகையில்கூட பிரின்சிபாலுக்குக் கண்ணீர் பொங்கிவிடும். கண்ணீர் பொங்கியதும் அடுத்த வரி மறந்துபோகும். "அதிலிருக்கும் உண்மையை எந்தக் கத்தியால் அறுப்பாய்?" என்று திரைக்குள்ளிருந்து வரும். ஒருத்தருடைய மனசாட்சி முழுவதும் இன்னொருத்தர் மடியில் இருந்த ஏற்பாடு அது. இரண்டு பேருக்கும் அதில் குறை இருக்கவில்லை.

மன்னனாக நடித்தவன் வரலாற்றுத் துறை இளைஞன். எல்லோரும் ராஜா என்றுதான் கூப்பிட்டார்கள். அகலத் தோளும் கணீர்க் குரலும் கொடுங்கோலனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. மேடையை விட்டு இறங்கினால், மரத்தடியில் மாணவர்களோடு சரிக்குச் சரி வாதாடிக்கொண்டிருப்பான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாகாதவர்கள் சாதாரணமாக நாக்கைச் சுருட்டி வைத்திருப்பார்கள். அவனுக்கு அந்த வித்தை கைவரவில்லை.

மாணவர் சங்கத் தேர்தல் இனி கிடையாது என்று அரசாங்கம் ஆணை போட்டது. அன்று மாலை மாணவர்கள் திரண்டு ஊர்வலமாக வெளியே போகப் பார்த்தார்கள். கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டார்கள், வெளியே போலீஸ். சைக்கிள் ஷெட்டில் தன் சைக்கிளை உருவிக்கொண்டிருந்த திரைமறைவு, கூட்டம் நெருக்கியதில் ஒரு தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சிமெண்டுப் படிமேல் ராஜா ஏறி நின்றான்.

"கேட்டை உடைக்கணும்னு எனக்கும்தான் கை துறுதுறுங்குது" என்றான். கூட்டம் ஆர்ப்பரித்தது. கையை உயர்த்தி அடக்கினான். "ஆனா ஒண்ணு. உடைச்சுக்கிட்டுப் போனா ஓடணும். தெறக்க வெச்சுப் போனா நடக்கலாம். நாம நடந்தே போவோம். நாளைக்கு, பகல்ல, எல்லார் கண்ணு முன்னாடியும்."

இறங்கும்போது அவன் பார்வை தூணுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரைமறைவு சைக்கிள் மணியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

ராஜா போன பிறகு எங்கிருந்தோ ஒரு கல் பறந்தது. காவலாளி அறைக் கண்ணாடி நொறுங்கியது, ஒரு போலீஸ்காரரின் நெற்றி கிழிந்தது. மறுநாள் ராஜாவை சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்டை உடைக்கச் சொல்லித் தூண்டினான் என்பது குற்றம். அவனுடைய முதல் வாக்கியத்தைக் கேட்டதாகச் சொல்ல அலுவலகத்தில் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். அந்த வாக்கியத்தோடு அவர்களுடைய காது இழுத்து மூடிக்கொண்டதாம். மிச்சத்தைக் கேட்ட மாணவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கல் எறிந்த கூட்டத்தின் சாட்சி எடுபடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆசிரியர் ஒருவர் சொன்னால் எடுபடும். சொல்லத்தான் ஆசிரியர் இல்லை.

பிரின்சிபால் திரைமறைவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நேத்து கலாட்டா நடந்தப்போ நீங்க கெளம்பிட்டீங்கதானே?"

அது கேள்வி அல்ல என்று அவருக்குத் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் வரி எடுத்துக் கொடுத்தவருக்கு, தனக்கு ஒரு வரி எடுத்துக் கொடுக்கப்படுவது புரியாதா?

"கெளம்பிட்டேன் சார்."

"நல்லதாப் போச்சு. விசாரணைக் கமிட்டி போடணும். நான், நிர்வாகத்து வக்கீல், அப்புறம் சீனியர் ஆசிரியர் ஒருத்தர். அந்த இடத்துல இல்லாதவரா இருக்கணும்னு விதி. நடுநிலைன்னா இந்தக் காலேஜ்ல உங்களை விட்டா யாரு?" பிரின்சிபால் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க துறைத் தலைவர் சீட்டும் ரொம்ப நாளாக் காலியாக் கெடக்கு. இது முடியட்டும், அதையும் முடிச்சிடலாம்."

அந்த நாற்காலி அவருக்கு வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் பொய். இதற்கு முன் இரண்டு முறை அது அவரைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு முறை அவரிடம் படித்தவனுக்கே போயிற்று. தேர்வுக் குழுவுக்கு அவர்மேல் கோபம் இல்லை. அப்படி ஒருத்தர் இருக்கிறார் என்பதே அவர்களுக்கு நினைவு வரவில்லை, அவ்வளவுதான். கோபித்துக்கொண்டு ஒதுக்கியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அவர் மனைவிக்குத் தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை. கணவரைப்போல் அல்ல, அவள் குரல் தெருவுக்குக் கேட்கும்.

"நிச்சயமாத்தானே சொன்னாரு?"

"முடிச்சிடலாம்னு சொன்னாரு."

"கதவுல பேர் போடுவாங்களா?"

"போடுவாங்க."

"போடட்டும். உங்க பேரை எழுத்துல பாத்தே வருஷக்கணக்காச்சு. கரண்ட் பில்லுகூட எங்கப்பா பேர்லதான் வருது." பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே, "அந்தக் கலாட்டா நடந்த அன்னிக்கு நீங்க அங்க இல்லதானே?" என்று கேட்டாள்.

"கெளம்பிட்டேன்" என்றார். ஒரு பொய்யை இரண்டாவது முறை சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வசனம்தானே, ஒருமுறை காதில் விழுந்தால் போதும்.

விசாரணைக்கு முந்தைய நாள் கல்லூரிக்கு எதிர்த்த டீக்கடையில் ராஜா அவரைப் பிடித்துவிட்டான். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. ஒரு டீயை அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

"அண்ணே, பயப்படாதீங்க. நான் எதுவும் கேக்க வரல."

"சொல்லுப்பா."

"தூணுக்குப் பின்னாடி நீங்க நின்னீங்க."

திரைமறைவு டீயை ஊதினார். ஊதி ஊதி அது ஆறிப்போயிற்று. கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கூட்டத்துல யாரு யாருன்னு..." என்று இழுத்தார்.

"சரிண்ணே. நீங்க இல்ல. நான்தான் வேற யாரையோ பாத்திருக்கேன்." எழுந்தான். "உங்க பேரை நான் இழுக்க மாட்டேன். இழுத்தா நீங்க இல்லேம்பீங்க. அதைக் காதால கேக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. இந்த வேலை போனா வேற எந்தக் காலேஜும் வாசப்படி ஏத்தாது. அதுக்கு மேல இதையும் எதுக்குத் தாங்கணும்?"

டீக்குக் காசும் அவனே கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் திரைமறைவுக்கு ராத்திரி முழுக்க நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. திட்டியிருந்தால் தூங்கியிருப்பார்.

விசாரணையை எங்கே வைப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. கூட்ட அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபாலின் அறை ஜன்னலில் மாணவர்கள் தேன்கூடு மாதிரி தொங்கினார்கள். கடைசியில் கதவுகளைச் சாத்திவிட்டு, நாடக அரங்கத்து மேடையிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அடுத்த வார நாடகத்துக்காக ராஜசபை தயாராக நின்றது. துணியில் வரைந்த தூண்கள், அட்டைச் சிங்கங்கள். சிம்மாசனத்தை மட்டும் ஓரமாக நகர்த்திவிட்டு மேஜை போட்டார்கள். அதற்குப் பின்னால் பிரின்சிபாலும் வக்கீலும் உட்கார்ந்தார்கள். வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரைமறைவு குறிப்பெடுக்க வேண்டியவர். மேடையேறியதும் கால் தானாக இடது ஓரத்துக்குப் போயிற்று. முக்காலியை இழுத்து, திரை மடிப்பில் முதுகைச் சாய்த்தார்.

"மெம்பர் சார், இங்க மேஜைக்கு வாங்க" என்றார் பிரின்சிபால்.

"இங்கயே எழுத வசதியா இருக்கு சார்."

"பழக்கதோஷம்" என்று பிரின்சிபால் வக்கீலிடம் சிரித்தார். "இவர் பின்னாடி இருந்தாத்தான் எனக்கும் தைரியம்."

ராஜாவை வரச்சொன்னார்கள். வழக்கமாக அவன் மன்னனாக நிற்கிற அதே இடத்தில் வந்து நின்றான். இப்போது கிரீடம் மேஜைப் பக்கம் இருந்தது.

அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரும் ஒப்பித்துவிட்டுப் போனார்கள். வக்கீல் தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் அல்ல. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்கிறவர். சில சமயம் அது இன்னும் ஆபத்து.

"கேட்டை உடைக்கணும்னு கை துறுதுறுங்குதுன்னு சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

பிரின்சிபால் இரண்டு கையையும் விரித்தார். "ஒத்துக்கிட்டாரே. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதுக்கப்புறமும் சொன்னேன் சார். வேண்டாம்னுதான் சொன்னேன்."

"வேண்டாம்னு மொட்டையாச் சொன்னா எப்படி? இது உங்க வேலை சம்பந்தப்பட்ட விஷயம்" என்றார் வக்கீல். "ஏதோ சொன்னேன், எப்படியோ சொன்னேன்னா நான் எதை எழுதிக்கறது? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க. நீங்க நிஜமாவே பேசியிருந்தா ஞாபகம் இருக்கணுமில்ல?"

"கேட்டை உடைக்கணும்னு எனக்கும்தான் கை துறுதுறுங்குது. ஆனா..." ராஜாவின் குரல் அரங்கத்தில் கணீரென்று எழுந்தது. "ஆனா ஒண்ணு..."

நின்றுவிட்டான்.

அன்று படிமேல் நின்று, வாயில் வந்ததைப் பேசியவன். எழுதி வைத்துப் பேசியதில்லை. இப்போது தேடத் தேட அது நழுவியது. பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். வக்கீல் பேனாவைத் திறந்து பிடித்திருந்தார்.

முக்காலியில் இருந்தவர் கண்ணை மூடியிருந்தார். எப்போது மூடினார் என்று அவருக்கே தெரியாது. மேடைப் பலகையின் வாசனை, விளக்கின் வெக்கை, முதுகில் உரசிய திரை, எதிரே அதே குரல். ராஜாவின் மூச்சு நின்றது.

"உடைச்சுக்கிட்டுப் போனா ஓடணும்."

"உடைச்சுக்கிட்டுப் போனா ஓடணும்!" என்றான் ராஜா. அவனும் பழகியவன், வரி வந்தால் பிடித்துக்கொள்கிறவன்.

"தெறக்க வெச்சுப் போனா நடக்கலாம்."

"தெறக்க வெச்சுப் போனா நடக்கலாம். நாம நடந்தே போவோம். நாளைக்கு, பகல்ல, எல்லார் கண்ணு முன்னாடியும்!" மன்னனின் கை தானாக உயர்ந்திருந்தது. உயர்ந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, திரை ஓரத்தைப் பார்த்தான்.

மேடைக்கு மட்டும் கேட்க வேண்டிய குரல் மேடைக்கு மட்டும்தான் கேட்டது. அன்று எல்லோரும் மேடையில்தான் இருந்தார்கள்.

"யாரது சொன்னது?" என்றார் வக்கீல். கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டு, அதை மூக்கில் மாட்டிக்கொண்டார்.

பிரின்சிபால் முந்திக்கொண்டார். அவர் சிரித்த சிரிப்பில் பல் மட்டும் இருந்தது. "ஒண்ணுமில்ல சார். சொன்னேனே, பழக்கதோஷம். யாராவது திணறினா இவருக்குச் சும்மா இருக்க முடியாது. பாவம், ஏதோ சொந்தமா ரெண்டு வரி இட்டுக்கட்டிக் கொடுத்துட்டாரு. இந்தத் தம்பியும் கிடைச்சதைப் பிடிச்சுக்கிட்டாரு." திரும்பினார். "அப்படித்தானே சார்?"

மறுபடியும் ஒரு வரி நீட்டப்பட்டிருந்தது. 'ஆமாம்' என்றால் போதும். நாற்காலி கிடைக்கும், கதவில் பெயர் ஏறும். ராஜா, விசாரணையில் ஒருத்தர் இட்டுக்கட்டிக் கொடுத்ததைச் சொன்ன பொய்யனாகி, வேலையைவிட்டுப் போவான். திரைமறைவுக்கு இது அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கணத்தில் அவருக்குள் நியாயம், உரிமை, மனசாட்சி எதுவும் கொந்தளித்து எழுந்ததாகச் சொல்ல முடியாது. எழுந்தது வேறு ஒன்று. 'இட்டுக்கட்டி' என்ற சொல் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் அதைச் சொன்னதில்லை.

"இல்ல சார்" என்றார்.

"என்ன இல்ல?"

"இல்லாத வரியை நான் எடுத்துக் கொடுத்ததே கிடையாது."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்பது அவருக்கு உறைத்தது. வக்கீலுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது.

"அப்போ அந்த வரி இருந்துதா?"

"இருந்துது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரின்சிபாலின் கண்கள் அவர்மேல் நிலைகுத்தி நின்றன. முக்காலியில் உட்கார்ந்தபடியே திரைமறைவு சொன்னார்: "நான் அங்க இருந்தேன். சைக்கிள் ஷெட்ல, தூணுக்குப் பின்னாடி. முழுசாக் கேட்டேன். கெளம்பிட்டேன்னு சொன்னது பொய்."

குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டியிருக்காது. தாண்டத் தேவையும் இருக்கவில்லை.

வக்கீல் பேனாவை மூடினார். "மெம்பரே சாட்சியாயிட்டா அப்புறம் கமிட்டி ஏது சார்? இது கலைஞ்சாச்சு. இந்தப் பையன் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா, மொதல்ல இவரைத்தான் கூண்டுல ஏத்துவான். நிர்வாகத்துகிட்ட நான் இதைச் சொல்லித்தான் ஆகணும். சஸ்பென்ஷனை எடுத்துடறதுதான் மரியாதை." அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற தொனி. கோப்பைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பிரின்சிபால் அட்டைச் சிங்கத்தின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோபத்தைவிட அவரிடம் திகைப்பே அதிகம் தெரிந்தது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. ஏன் சார்? நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல சார்."

"நாடகத்துக்கு இனிமே நீங்க வர வேண்டாம். நாற்காலி சமாச்சாரமும் இனிமே பேச வேண்டாம்."

"சரி சார்."

"இவ்வளவு நடந்தும் 'சரி சார்'ங்கறீங்களே, உங்களை என்னதான் செய்யறது?" என்று கேட்டுவிட்டுப் பிரின்சிபால் எழுந்து போனார்.

வெளியே வாசற்படியில் ராஜா காத்திருந்தான். கட்டிப்பிடிப்பான் என்று அவர் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? நான் மறக்காம முழுசாச் சொல்லியிருந்தா, நீங்க வாயைத் தெறந்திருப்பீங்களா?"

திரைமறைவு யோசித்தார். இந்த மாதிரி கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிப் பழகியவர். பக்கங்களைத் தேடினார். ஒன்றுதான் இருந்தது.

"தெறந்திருக்க மாட்டேன்பா."

ராஜா தலையாட்டினான். "நானும் அதான் நெனச்சேன்." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினான். "மாட்டேன்னு சொன்னீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்ணே." அது பாராட்டா, ஏச்சா என்று அவருக்கு விளங்கவில்லை. ராஜாவுக்கும் விளங்கியிருக்காது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலி போச்சு" என்றார்.

"யாருக்கு?"

"யாருக்குன்னு தெரியல. எனக்கில்ல."

நடந்ததைச் சொன்னார். மற்றவர்களுடைய வசனமெல்லாம் எழுத்துப் பிசகாமல் வந்தது. தன்னுடையது வரும் இடங்களில்தான் தடுமாறினார். கேட்கக் கேட்க அவள் கையில் இருந்த துணி மடிந்து மடிந்து கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது.

"அப்போ நீங்க அங்க இருந்தீங்க."

"இருந்தேன்."

"என்கிட்டயும் இல்லேன்னீங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நாற்காலி கெடக்கட்டும். அதுக்கு நான் தனியா அழுதுக்கறேன்" என்றாள். "போன வாரம் ராஜாவோட சம்சாரம் என் கவுண்டருக்கு வந்தா. 'அக்கா, சாருக்கு ஏதாவது தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க'ன்னு கண்ணைக் கசக்கிட்டு நின்னா. வரிசையில அத்தனை பேர் பாத்துக்கிட்டிருக்காங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே இல்ல, உன் புருஷன் வாயை அடக்கியிருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்காதுன்னு சொன்னேன். உங்களை நம்பிச் சொன்னேன்."

மடித்த துணியை உதறிக் கட்டிலில் போட்டாள். "கெளம்புங்க."

"எங்க?"

"அவங்க வீட்டுக்கு."

"நான் எதுக்கு? காலைலதான் அவனைப் பாத்தேனே."

"அவனைப் பாத்தீங்க. அவளைப் பாத்தீங்களா? பொய் உங்களது, அதைக் கொண்டுபோய் அவ மூஞ்சியில எறிஞ்சது நான். ஒருத்தர் போனா பாதிதான் தீரும்."

ராஜாவின் வீடு மாடியில், குறுகலான படிக்கட்டுக்கு மேல் இருந்தது. மனைவி கதவைத் தட்டினாள். திறந்த பெண்ணின் கையில் ஈரத் துணி இருந்தது. செய்தி அவளுக்கு வந்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. 'வாங்க' என்று சொல்லவில்லை. கதவை ஒரு கையால் பிடித்தபடி, இவளையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

தெருவுக்கே கேட்கிற குரலுள்ளவள், "அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள். மேலே போகவில்லை.

அவளுக்கு எடுத்துக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் காட்சிக்கு யாரும் வசனம் எழுதி வைத்திருக்கவில்லை. அவர் ஒரு படி மேலே ஏறி, மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் அங்கதான் இருந்தேன்மா" என்றார். "மொத நாளே சொல்லியிருக்கணும். சொல்லல. இவளுக்கும் தெரியாது, இவகிட்டயும் பொய்தான் சொன்னேன்."

அந்தப் பெண் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"செருப்பை அங்கயே விட்டுட்டு வாங்க" என்றாள். "இப்பத்தான் தரையைத் தொடைச்சேன்."